கௌரியின் நான்கு வயிறும் என் ஒரு வயிறும்

முந்தின நாள் மத்தியானம் சாப்பிட்ட அரைக்கீரை மறுநாள் சாயங்காலம் அப்படியே வெளியே வந்தது. கொல்லையில் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தி எனக்குப் புதிதல்ல. சில மாதங்களாகவே சாயங்காலமானால் வயிறு கல் மாதிரி கனக்கும். போய்க் கக்கிவிட்டு வந்தால் லேசாகிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். கை கால் கழுவக் கொல்லைக்கு வந்தவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது எப்பச் சாப்பிட்டது?"

"நேத்து மத்தியானங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இன்னைக்குக் காலையில இல்லியே?"

"இன்னைக்குக் கீரையே ஆக்கலீங்க."

அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முகம் மாறிவிட்டது. "மனுச வயித்துல சோறு நாலஞ்சு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது சரசு. மாட்டு வயித்துலதான் ஒரு நாள் பூராவும் கெடக்கும். உனக்கு எங்கியோ வாசல் அடைச்சிருக்குது. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவர் மாட்டு டாக்டர். எங்கள் இருவருக்கும் ஊர் ராமாபுரம். அது மைசூர் எல்லையோரம், அப்போது மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. அவர் மதராஸில் படித்து முடித்து, மைசூருக்கு வெளியே இருந்த சர்க்கார் மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மண்டி மொஹல்லாவில் ஒரு சந்தில் வீடு பிடித்திருந்தோம். குழந்தை அப்போது இல்லை. அவர் வீட்டில் இருக்கும் நேரம் கொஞ்சம். இருக்கும்போது பேசுவதும் மாடுகளைப் பற்றித்தான். எந்தப் பசு எவ்வளவு கறந்தது, எது கன்று போட்டது, எதற்குக் கழிச்சல் என்று. அதிலும் கௌரி என்று ஒரு சிந்திப் பசு. சிவப்பு நிறம், தொங்கும் காது. பெயர் வைத்ததே அவர்தான். அந்தப் பெயரை அவர் சொல்லும் விதம் எனக்குப் பிடிக்காது. என் பெயரை அப்படிச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த பெரிய டாக்டர் கன்னடக்காரர். மதராஸில் படித்தவர் என்பதால் தமிழும் பேசுவார். என்னைப் படுக்க வைத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் பிடித்து லேசாகக் குலுக்கினார். பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் எப்படிச் சத்தம் வருமோ அப்படி என் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கடைசியா எப்ப சாப்டீங்க அம்மா?"

"காலையில ஒரு டம்ளர் கஞ்சிங்க."

"அது இன்னும் உள்ளேதான் இருக்கு." என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க சொன்னது கரெக்ட் டாக்டரே. வழி அடைச்சுக்கொண்டிருக்கு."

பிறகு எனக்கும் புரியும்படி சொன்னார். இரைப்பையின் கீழ்க்கோடியில் சிறுகுடலுக்குப் போகும் வாசல் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் எனக்கு வருஷக்கணக்காகப் புண் இருந்திருக்கிறது. வெறும் வயிற்றில் எரிந்து, பால் குடித்தால் அடங்குமே, அதுதான் அந்தப் புண். அது ஆறும், மறுபடி வரும், மறுபடி ஆறும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் தழும்பு சுருங்கிச் சுருங்கி வாசலே மூடிக்கொண்டுவிட்டது. உள்ளே போனது கீழே இறங்க வழியில்லாமல் வந்த வழியே திரும்புகிறது. ஆபரேஷன்தான் ஒரே வழி. ஆனால் அதற்கு முன்னால் இரைப்பையைத் தினமும் கழுவிச் சுத்தம் செய்ய வேண்டும், உடம்பில் கொஞ்சம் தெம்பு ஏற்ற வேண்டும், ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரமாக எனக்குக் கட்டில் கிடைத்தது. அடுத்த கட்டிலில் புட்டம்மா. மண்டியாப் பக்கத்துக் கிராமத்துக்காரி, குடல்வால் எடுத்துத் தேறிக்கொண்டிருந்தாள். யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி "ஊட்ட ஆய்த்தா?" என்பதுதான். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். அந்த ஊரில் அது வெறும் குசலம். எனக்கோ தினமும் காலையில் கண் விழித்ததும் அந்தக் கேள்வியைக் கேட்டால் அழுகை வரும். மத்தியானம் அவள் மகன் ராகிக் களியும் சொப்புச் சாறு என்கிற கீரைக் குழம்பும் கொண்டுவருவான். அவள் களியைக் கிள்ளி உருட்டிச் சாற்றில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குவாள். அந்த ஊர்க்காரர்கள் களியை மெல்லுவதில்லை. தொண்டையில் அது வழுக்கி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குக் கையில் ஊசி குத்தி பாட்டிலில் குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருக்கும்.

சாயங்காலமானால் ரப்பர் குழாய். சிஸ்டர் அதை வாய் வழியாக உள்ளே விடுவார். "முழுங்குமா, முழுங்கு, இன்னும் கொஞ்சம்" என்பார். புனல் வைத்து உப்புத் தண்ணீர் ஊற்றிக் கீழே கவிழ்ப்பார். காலையில் குடித்தது, நேற்றுக் குடித்தது எல்லாம் வாளியில் விழும். தண்ணீர் தெளிவாக வரும்வரை மறுபடி மறுபடி. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும்.

அந்த நேரம் முடிந்ததும் அவர் வருவார். வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, கால் கிடைத்தால் கால், கை கிடைத்தால் கை என்று எதையாவது பிடித்துவிட்டுக்கொண்டு, முதல் வார்த்தையாகச் சொல்வார்:

"கௌரி இன்னைக்கும் தீனி எடுக்கல."

நான் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அதே வாரத்தில் கௌரியும் தின்பதை நிறுத்திவிட்டாள். அசை போடுவதையும் நிறுத்திவிட்டாள். முதுகை வளைத்துக்கொண்டு, முன்னங்கால்களை அகட்டி வைத்து நிற்கிறாளாம். சரிவில் இறங்கினால் முனகுகிறாளாம்.

"கம்பி முழுங்கியிருக்கோணும்" என்றார். "மாடு புல்ல மெல்லறதே இல்ல சரசு. அவசரமா அள்ளி முழுங்கிப்போட்டு, அப்பறம்தான் ஒக்காந்து மெல்லும். அதனால புல்லோட ஆணி வந்தாலும் தெரியாது, கம்பி வந்தாலும் தெரியாது."

என் போர்வையின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். மாட்டுக்கு நான்கு அறைகள். முதலாவது பெரிய பை, இடது பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு இருக்கும். அதில் புல் ஊறிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகள் அதில் இருக்கின்றன. அவைதான் புல்லைப் புளிக்க வைத்துக் கரைக்கின்றன. மாட்டுக்குத் தானாகப் புல்லைச் செரிக்கத் தெரியாது. இரண்டாவது அறை உள்ளே தேன்கூடு போல இருக்கும். அங்கிருந்துதான் கவளம் கவளமாக வாய்க்கு மேலே வரும், மாடு மெல்லும், மறுபடி இறக்கும். மூன்றாவது புத்தகத்தின் தாள்கள் மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்து நீரைப் பிழிந்து எடுக்கும். நான்காவதுதான் நம்முடைய இரைப்பை போன்றது. அதில்தான் அமிலம் சுரக்கும். புல்லைத் தின்று பெருத்த கிருமிகளும் அங்கே வந்து மாட்டுக்கு இரையாகிவிடும்.

"நமக்கு அந்த நாலாவது அறை மட்டுந்தான். அதான் அமிலம் நேரா நம்ம மேல வேல செய்யுது. உனக்குப் புண்ணு வந்தது அப்பிடித்தான்."

"கம்பி எங்க நிக்கும்?" என்று கேட்டேன். கேட்க விருப்பமில்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"ரெண்டாவது அறையில. அதுக்கு முன்னால ஒரு தோல் திரை, திரைக்கு அந்தப் பக்கம் இருதயம். கம்பி நகந்து போயிக் குத்திருச்சுன்னா முடிஞ்சுது." சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

எனக்குக் கோபமாக வந்தது. அவர் போன பிறகு மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். அவளுக்கு நான்கு அறை, எனக்கு ஒன்று. அதுவும் அடைத்துக்கொண்டது. அவளுக்கு மேலே வந்தால் அது சுகம், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தரம் ருசிப்பாள். எனக்கு மேலே வந்தால் வாளி. அவளைப் பற்றிப் பேசினால் அவர் குரல் கம்முகிறது. என்னைப் பற்றிப் பேசும்போது அவர் பாடம் எடுக்கிறார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து என் தங்கை தங்கம் வந்திருந்தாள். கல்யாணமாகாத பெண், பார்க்க லட்சணமாக இருப்பாள். சந்துக்காரர்களில் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தபோது, "வயசுப் பொண்ண வீட்ல விட்டுட்டு வந்திருக்கீங்களே" என்று இழுத்தாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தங்கத்தைப் பற்றி எனக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது. அவள் தினமும் என் தலையைப் பின்னி, முகம் துடைத்து, நான் குடிக்கக் கூடாத மோரை என் கண்ணில் படாதபடி மறைத்து எடுத்துப்போய்ப் புட்டம்மாவிடம் கொடுப்பாள். என் வயிற்றெரிச்சல் எல்லாம் பண்ணையில் நின்றுகொண்டிருந்தவள் மேல்தான்.

படம் எடுக்கும் நாள் வந்தது. சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளையாக ஒரு மருந்தைக் குடித்துவிட்டு மிஷினுக்கு முன்னால் நிற்க வேண்டும். அந்த வெள்ளை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று படத்தில் தெரியும். அன்றைக்குக் காலையிலேயே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். வரவில்லை. தங்கம் மட்டும் வந்தாள்.

"மாமா எங்க?"

"பண்ணையிலேருந்து ஆள் வந்துச்சுக்கா. பசு கீழ படுத்துருச்சாம். இன்னைக்கே வயித்தத் தொறந்தாகோணும்னு ஓடிட்டாரு."

இருட்டறையில் அந்த வெள்ளையைக் குடித்தேன். மண் மாதிரி இருந்தது. நடுவில் ஒருமுறை உமட்டிக் கீழே கொட்டிவிட்டு, மறுபடி கலக்கிக் கொடுக்கக் குடித்தேன். இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்றார்கள். என் புடவையில் வெள்ளைத் திட்டுகள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வந்தார். சட்டை மாற்றியிருந்தார், ஆனாலும் மாட்டு வாசனை போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து என் கண் முன்னால் நீட்டினார். துருப்பிடித்த வேலிக் கம்பித் துண்டு, சுண்டுவிரல் நீளம்.

"எழுப்பி நிக்க வெச்சே செஞ்சோம். எடது விலாவுல மரக்க ஊசி போட்டு, பையத் தொறந்து, தோள் வரைக்கும் கைய உட்டேன். தேன்கூட்டுச் சுவத்துல தடவித் தடவிப் பார்த்தேன். திரைக்கிட்ட நுனி சொருகிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் உட்டிருந்தா போயிருப்பா."

"நான் வெள்ள மருந்து குடிச்சேங்க" என்றேன்.

"ஆமா, தங்கம் சொன்னா. நல்லபடியாக் குடிச்சியா?"

நான் புடவையில் இருந்த வெள்ளைத் திட்டைச் சுரண்டினேன். புட்டம்மா அந்தக் கம்பியை வாங்கிப் பார்த்து "அய்யோ பாப" என்று பசுவுக்காகப் பாவப்பட்டு உச்சுக் கொட்டினாள். அதற்கும் சேர்த்து எரிந்தது எனக்கு.

அதற்குப் பின் அவர் வருவது கூடியது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. வந்தால் பேச்சு மட்டும் மாறவில்லை. கௌரி தண்ணீர் குடித்தாள், கௌரிக்குத் தையல் காய்ந்துவருகிறது, கௌரி இரண்டு வாய் பச்சைப் புல் எடுத்தாள். பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துப் பேசுவார். மனம் முழுவதும் அங்கே இருக்கிறது, உடம்பைக் கடனுக்குக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். தங்கம் என் தாலியை ஒரு துணியில் முடிந்து வாங்கிக்கொண்டாள். அவர் வண்டியோடு கூடவே நடந்து வந்தார். தியேட்டர் கதவுக்கு முன்னால் வண்டி நின்றது. ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு சொன்னார்:

"சரசு, கௌரி இன்னைக்கு அசை போட ஆரம்பிச்சுட்டா."

கதவு மூடியது. மூக்கில் துணியை வைத்து ஈதரைச் சொட்டவிட்டபோது, ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள். நான் எண்ணவில்லை. செத்தாலும் சரி, பிழைத்து எழுந்தால் அந்த மாட்டை ஒருநாள் நேரில் போய்ப் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே நினைவு போய்விட்டது.

கண் விழித்தபோது மூக்கில் குழாய், கையில் ஊசி, வயிற்றில் நெருப்பு. டாக்டர் வந்து குனிந்து சொன்னார்: "எல்லா சரியாய்த்து அம்மா. வெறும் தழும்புதான். அடைச்ச வாசலை அப்படியே விட்டுட்டோம். இரைப்பையிலே வேறே இடத்துலே ஓட்டை போட்டு, சிறுகுடலைத் தூக்கி அங்கே சேர்த்துத் தெச்சிருக்கோம். இனி புது வாசல் வழியா எறங்கும்." பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு காற்றுக்காகக் காத்திருந்த நாட்கள். வயிற்றைத் திறந்து மூடினால் குடல் பயந்துபோய் அசையாமல் கிடக்குமாம். அது மறுபடி வேலை செய்ய ஆரம்பித்ததற்கு அடையாளம் காற்று பிரிவதுதான். அதுவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. உதட்டை நனைத்த பஞ்சால் துடைப்பார்கள். டாக்டர், சிஸ்டர், தங்கம், புட்டம்மா, தரை துடைக்கிற அம்மா எல்லாரும் ஒரே கேள்வி. கடைசியில் அது பிரிந்தபோது புட்டம்மா வார்டு முழுவதற்கும் அறிவித்துவிட்டாள். நாலைந்து கட்டில்களிலிருந்து சந்தோஷக் குரல் கேட்டது. நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு ஸ்பூன் தண்ணீர். பிறகு பார்லி. பிறகு ஒருநாள் நீர் மோர். உப்புப் போட்டது. அது தொண்டையில் இறங்கி, வயிற்றில் நின்று, நிற்காமல் கீழே போனதை நான் உணர்ந்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்து போன பிறகு தங்கத்திடம் பொரிந்து தள்ளினேன். "உள்ள போறப்பக்கூட மாட்டப் பத்தித்தான் பேசினாரு. நான் செத்திருந்தா கடைசியாக் கேட்ட பேச்சு அதுவாத்தான் இருந்திருக்கும்."

தங்கம் ஆரஞ்சுப் பழத்தை உரிப்பதை நிறுத்தினாள். "அக்கா, போதும். டாக்டரு மாமாகிட்ட என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியுமா?"

"என்ன சொன்னாரு?"

"வெள்ள மருந்து குடிச்சு எடுத்த படத்துல, அது தழும்பா கட்டியான்னு தெரியலையாம். தொறந்து பார்த்தாத்தான் தெரியும்னாராம். கட்டியா இருந்து பரவியிருந்தா அப்படியே மூடித் தெச்சுப்போடுவோம், வேற ஒண்ணும் செய்ய முடியாதுன்னாராம். உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு."

என் கை தானாக வயிற்றுக் கட்டின் மேல் போனது.

"உன்னப் பார்த்தா அது வாயில வந்துருமாம். அதனால மாட்டப் பத்தியே பேசிப்போட்டு வந்துர்றேன்னாரு. ஊட்டுக்கு வந்தா சோறே எறங்கல மாமாவுக்கு. அடுப்படியில ஒக்காந்து அழுதாருக்கா."

"அடுப்படியிலயா?"

"ஆமா."

"உன் முன்னாடியா?"

தங்கம் என்னை விநோதமாகப் பார்த்தாள். எனக்கு மனசு உருகியிருக்க வேண்டும். உருகவும் செய்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட முன்னால் வந்து நின்றது இன்னொன்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தங்கம் பார்த்திருக்கிறாள், அதுவும் என் அடுப்படியில். என்னுடைய சாவைப் பற்றிய பயத்தைக்கூட அவளோடு பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை எந்தச் சந்துக்காரி சொல்லியும் வராத பொறாமை அன்றைக்கு என் தங்கை மேல் வந்துவிட்டது. ஆரஞ்சுச் சுளையை அவள் நீட்டியபோது வேண்டாம் என்றேன். அவள் அதைச் சாறு பிழிந்து, டம்ளரை என் கையில் திணித்தாள். குடித்தேன்.

இன்னொன்றும் உறுத்தியது. படம் எடுத்த அன்றைக்கு அவருக்குக் கட்டி பற்றி ஒன்றும் தெரியாது. அன்றைக்கு அவர் போனது கௌரிக்காகத்தான். அந்த உறுத்தல் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, நன்றாக மென்று. புட்டம்மா எனக்கு முன்பே ஊர் போய்விட்டிருந்தாள். தங்கமும் சில வாரங்களில் ராமாபுரம் கிளம்பினாள். பஸ் ஏறும்போது அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கௌரியப் பார்க்கோணுங்க" என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். ஜட்காவில் கூட்டிக்கொண்டு போனார்.

தொழுவத்தில் பால் கறக்கிறவர்கள் இருந்தார்கள். ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். நான் நினைத்திருந்ததைவிடச் சின்னப் பசு. விலாவில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காத நீளக் கோடு. கண் பாதி மூடியிருந்தது. கழுத்துக்குள் ஒரு உருண்டை மேலே ஏறுவது தெரிந்தது, வாய் பக்கவாட்டில் அசைய ஆரம்பித்தது. நிதானமாக மென்றாள். யாருக்காகவும் அவசரமில்லை. கேட்க வேண்டும் என்று வைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நானும் இனி இப்படித்தான் மெல்ல வேண்டும், ஆனால் இவளுக்கு வரும் இந்தச் சுகம் எனக்கு வராது என்று மட்டும் தோன்றியது.

அவர் அவளருகே போய் இடது விலாவில் காதை வைத்து, மூச்சை அடக்கிக் கேட்டார். "நல்லா ஓடுது" என்றார். "தூரத்துல இடி இடிக்கிற மாதிரி கேக்கோணும். அப்பிடிக் கேட்டா பை நல்லா வேல செய்யுதுன்னு அர்த்தம்."

"எனக்கும் பாருங்க" என்றேன்.

"என்ன?"

"என் வயித்துலயும் காத வெச்சுப் பாருங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். கறக்கிறவர்களில் ஒருவன் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

"இங்கியா?"

"இங்கதாங்க."

ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு வேட்டியை மடக்கிக்கொண்டு வைக்கோல் மேல் மண்டியிட்டு, புடவைக்கு மேலாக, தையல் நோகாதபடி பக்கவாட்டில் காதை வைத்தார். அவர் தலைமுடியில் வைக்கோல் தூசி இருந்தது. கைகள் என் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. முதுகு ஒருமுறை குலுங்கியது. நான் அசையாமல் நின்றேன்.

"என்ன கேக்குது?"

அவர் காதை எடுக்கவில்லை. எழுந்திருக்கவுமில்லை. கௌரிக்கு வைத்ததைவிட ரொம்ப நேரம் வைத்திருந்தார். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.